புயல் பெரிதா, கோட்டை பெரிதா

என் பாசத்துக்குரிய மாப்பிள்ளை மாரியப்பனுக்கு,

பாசத்துக்குரிய என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. நேற்று மத்தியானத்திலிருந்து உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில், நீ எதிரே நின்றிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். செத்து ஐந்து மாதமான ஒருத்தன்மேல் இப்படிக் கோபம் வருமா? வருகிறதே, என்ன செய்ய?

நேற்று என் தங்கை செல்வி உன் பீரோவை ஒழுங்கு பண்ணியிருக்கிறாள். சட்டைகளுக்கு அடியில் பிரஸ் உறை ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று போன் செய்தாள். போய்ப் பார்த்தேன். மேலே உன் கையெழுத்தில் 'மிருகப் போர்' என்று எழுதியிருந்தது. அந்த உறை வேஸ்ட் பேப்பரோடு போய்விட்டதாக நாலரை வருஷத்துக்கு முன்னால் முதலாளி அண்ணாச்சியிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவன் நீதானே?

மிச்சக் கதை உனக்குத் தெரியும். ஆனால் உன்னை நான் ஊரறியத் திட்டியவன். ஊரறியத்தான் இதையும் சொல்ல வேண்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

திருத்தங்கல் பிரஸ்ஸில் நீ கம்போஸிங், நான் புரூஃப் ரீடர். என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே நீ எனக்குக் கூட்டாளி. டிவி கார்ட்டூனைப் பார்த்துப் பிள்ளைகள் சீட்டுக்கு அலைந்த சமயத்தில், மதுரை மொத்த வியாபாரி ஒருவர் 'மிருகப் போர்' என்று ஒரு சீட்டு விளையாட்டை எழுதிக் கொண்டுவந்து ஆர்டர் கொடுத்தார். பாக்கெட்டுக்கு ஐந்து சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ மந்திரமோ, கீழே அது என்ன செய்யும் என்று இரண்டு வரி. கழித்துப்போட்ட ஷீட்டை வெட்டி, சாப்பாட்டு நேரத்தில் நாம் ஆட ஆரம்பித்தோம். பிள்ளைகள்கூட அப்படி ஆடியிருக்க மாட்டார்கள்.

ஆடியது பாதி, வழக்குப் பேசியது பாதி. 'ஆந்தை' வந்தால் எதிராளியின் கைச்சீட்டைப் பார்க்கலாம். 'இருட்டு' வந்தால் யாரும் எந்தச் சீட்டையும் பார்க்கக் கூடாது. அப்படியானால் இருட்டைப் போட்டவன் தன் கைச்சீட்டையே பார்க்கலாமா? மூன்று நாள் இதற்குச் சண்டை போட்டோம். இரண்டு சீட்டையும் சத்தமாக வாசித்துவிட்டு, பார்க்கக் கூடாது என்று நீ தீர்ப்புச் சொன்னாய். அதன்படி கைச்சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் ஆடி நீயே தோற்றாய். அவ்வளவு நியாயஸ்தன்.

அப்புறம்தான் புயலும் கோட்டையும் வந்தன. கோட்டை மேசையில் இருக்கும்வரை அதற்குள் இருக்கிற மிருகங்களை எதுவும் தொடாது. புயல் வந்தால் எதிராளியின் மிருகங்கள் எல்லாம் கழிவுக்குப் போகும். சீட்டு கடைக்குப் போன பிறகு இரண்டும் மோதிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்று பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் அடிதடி. கடைக்காரர்கள் மதுரைக்காரரைக் கேட்டார்கள், அவர் அண்ணாச்சிக்கு போன் போட்டார், அண்ணாச்சி நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, எதுய்யா ஜெயிக்கும் என்று கேட்டார்.

"கோட்டதான் அண்ணாச்சி. புயல் சீட்டுல 'கோட்டைக்குள் இருப்பவை தவிர'ன்னு ஒரு வரி இருந்துச்சு. மதுரைக்காரர் எழுதிக் கொடுத்த தாள்ல படிச்சேன். எவனோ அந்த வரியத் தின்னுட்டான். அவனக் கண்டுபிடிச்சு வெளிய தள்ளுங்க" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அப்படி வரியெல்லாம் இல்ல அண்ணாச்சி. அச்சுல என்ன இருக்கோ அதான் ரூலு. புயலே ஜெயிக்கட்டும்" என்றாய்.

அந்தத் தாளும் புரூஃபும் போட்டுவைத்த உறையைக் கொண்டுவா, பார்த்துவிடலாம் என்று நான் கத்தினேன். அது வேஸ்ட்டில் போய்விட்டது என்றாய். அண்ணாச்சி உன் பேச்சையே மதுரைக்குச் சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி சண்டைக்கு நிற்காதே என்று என்னைச் சத்தம் போட்டார். இல்லாததைச் சொல்கிறவன் என்று ஆபீஸ் முழுக்க என் பெயர் ஆனது. அன்றைக்கு உன்னோடு பேச்சை நிறுத்தியவன்தான்.

நாலு வருஷம், மாப்பிள்ளை. ஒரே கூரையின் கீழ் வேலை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலேயே சாப்பாடு. நடுவில் செல்வியை வைத்துக்கொண்டு, ரசம் வேண்டுமா என்று அவளிடம் சொல்லி உன்னைக் கேட்கச் சொன்னேன். டீக்கடையிலும், ஆமத்தூர் கல்யாணத்திலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடமும்கூட உன்னைப் பொய்யன் என்றேன்.

நேற்று உறையைப் பிரித்தேன். மதுரைக்காரர் எழுதிய தாள் இருந்தது. நான் சொன்ன வரி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். பார்த்தாயா என்று செல்வியிடம் கத்தினேன். அடுத்த தாளை எடுத்தேன். அது புரூஃப். கம்பெனி விலாசத்துக்கு இடம் பண்ணும்போது புயலின் இரண்டாவது வரி உன் கையிலிருந்து நழுவியிருக்கிறது. கீழே பச்சை மையில் 'சரி' என்று போட்டு ஒரு கையெழுத்து. என் கையெழுத்து.

எழுதிய தாளைப் பத்து தடவை படித்து எனக்கு மனப்பாடம். புரூஃபில் இல்லாத வரியை மனதிலிருந்தே படித்துவிட்டு 'சரி' போட்டிருக்கிறேன். புரூஃப் பார்க்கிறவன் செய்யவே கூடாத தப்பு. அண்ணாச்சி நம்மைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு முந்தின மாதம்தான் காலண்டரில் அமாவாசையைத் தப்பாக விட்டவனை அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என் மனைவி அப்போது ஏழு மாதம். அதை நினைத்துத்தான் உறையைச் சட்டைக்கு அடியில் வைத்தாயா? தின்றவனை வெளியே தள்ளுங்கள் என்று நான் குதித்தபோது உனக்கு எப்படி இருந்தது?

என்னைக் காப்பாற்று என்று உன்னை யார் கேட்டது? தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீ இரண்டு தடவை வீட்டுக்கு வந்ததும், நான் பின்வாசல் வழியாகப் போனதும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக விட்டுவிடுவதா? கதவை உடைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டியதுதானே?

மெஷின் பக்கத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த காலையில், ஆட்டோவில் உன் தலை என் மடியில்தான் இருந்தது. விருதுநகர் ஆஸ்பத்திரி வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அந்தப் புரூஃபைச் செல்வியிடம் நீட்டினேன். செல்வி சொன்னாள்: "ஒங்கள ஒரு நாளும் அவுக கொறச்சுப் பேசினதில்லண்ணே. நீங்க போன பெறகு, மச்சான் வயிறாரச் சாப்பிட்டாரான்னு மட்டும் கேப்பாக."

இப்போது மிருகப் போர் மறுபடி அச்சுக்கு வருகிறது. அதே மதுரைக்காரர். புரூஃப் என் மேசைக்கு வந்துவிட்டது, புயலில் ஒரே வரிதான் இருக்கிறது. விட்ட வரியைச் சேர்க்க வேண்டுமென்றால் உறையை எடுத்துக் காட்ட வேண்டும். உறையைக் காட்டினால் பச்சை மையும் தெரியும். நாளைக் காலை அண்ணாச்சியிடம் இரண்டையும் காட்டப் போகிறேன். டீக்கடையில் ஆரம்பித்து, உன்னைப் பொய்யன் என்று நான் சொன்ன ஒவ்வொரு ஆளிடமும் போய் நின்று சொல்லப் போகிறேன். இது சத்தியம். கோபம் மட்டும் போகாது.

என் வேலையைக் காப்பாற்றினாய், சரி. சிவகாசியில் பிரஸ்ஸுக்கா பஞ்சம்? இங்கே போனால் இன்னொன்று கிடைத்திருக்கும். உன்னை மாதிரி ஒருத்தன் எனக்கு எங்கே கிடைப்பான் என்று நீ ஏன்டா யோசிக்கவில்லை?

நாலு வருஷம் உன்னோடு பேசாத உன் மச்சான்,
சுப்புராஜ்