மாடியில் இருப்பவன்

ஐப்பசி 14, வியாழன்.

அக்கா மகள் செல்வி சென்னையிலிருந்து வந்திருந்தாள்.

"மாமா, உங்களுக்கு அறுபது முடியுதுல்லா? அறுபதாங்கல்யாணம் வச்சிருவோம். பக்கத்துல முருகேசன் மாமா உக்காரட்டும். இப்பல்லாம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? அவன் மாடியில வாடகைக்கு இருக்கவன்" என்று கத்திவிட்டேன்.

அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். முருகேசன் காப்பியோடு நின்றிருந்தான். இருபத்திரண்டு வருஷமாக அவன் கைக் காப்பிதான் குடிக்கிறேன்.

மாடியில் மிளகாய் வற்றல் மூட்டைகளும், ஊருக்குக் காட்ட ஒரு கட்டிலும்தான் கிடக்கின்றன. அந்த நெடியில் யாரும் படுக்க முடியாது. சற்றுமுன் முருகேசன் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே ஏறினான்.

தனியே இருக்கையில் என்னை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவான். இன்று படியில் நின்று சொன்னான்:

"கதவைச் சாத்திக்கிடுங்க, அண்ணாச்சி."