நீங்கள் கேட்ட வண்டல்

மச்சான்,

இன்று காலை வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். வெடித்துக் கிடந்த வயல் நனைந்ததும், வெள்ளம் வடிந்த அன்று எழும்பிய அதே வாசம். மண்வெட்டியை வைத்துவிட்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் ஆற்றங்கரை உடைந்தது உங்கள் வயலோரம்தான். பாய்ந்து வந்த தண்ணீர் பாரமான மணலை உங்கள் வயலில் இடுப்பளவுக்குக் கொட்டிவிட்டு, வேகம் தணிந்து, பக்கத்துப் பள்ளமான என் வயலில் தேங்கியது. வடிந்தபோது எனக்கு ஒரு சாண் கறுப்பு வண்டல்.

நீங்கள் மணலிலேயே ஒரு மூலையில் நெல் விதைத்துப் பார்த்தீர்கள். பச்சையாக முளைத்தது, சில நாளில் மஞ்சளித்தது. ஒரு பயிரை இரண்டு விரலால் பிடுங்கி என்னிடம் நீட்டினீர்கள். நூல் போன்ற வேர். மண் ஒட்டவே இல்லை.

“ஊத்துற தண்ணி உடனே கீழ போயிடுது மச்சான். எருவையும் கழுவிட்டுப் போகுது. களிமண் கலந்தாத்தான் வேருக்கு ஈரம் நிக்கும். உன்ட வண்டல்ல கொஞ்சம் தா.”

“அறுவடை முடியட்டும், பாப்பம்,” என்றேன். அப்போது நான் விதைக்கக்கூட இல்லை. வண்டலை வெட்டினால் என் விளைச்சல் குறைந்துவிடும் என்ற பயம்.

“ஓம், சரி,” என்று போய்விட்டீர்கள்.

பிறகு, மணலுக்கு அடியில் புதைந்த உங்கள் பழைய களியை எடுக்கக் கிடங்கு வெட்டத் தொடங்கினீர்கள். தலைமட்டம் இறங்கிக் குனிந்து வெட்டும்போது மணல் சரிந்து மூடியது. நானும் பக்கத்து ஊர் சொறிக்கல்முனை ஆட்களும் கையால் தோண்டினோம். தோண்டத் தோண்ட மணல் உள்ளே விழுந்துகொண்டே இருந்தது. வெளியே எடுத்தபோது உங்களுக்கு மூச்சில்லை. மையித்தைக் குளிப்பாட்டியபோது நகத்துக்குள் இருந்த களியை நான்தான் எடுத்தேன்.

உங்கள் பெண்சாதி, என் கூடப்பிறந்த ராத்தா, ஒன்றே ஒன்று கேட்டாள்: “நீ மண்ணக் குடுத்திருந்தா அவர் ஏன்டா தோண்டப் போறாரு?”

அதற்குப் பிறகு போன போகம் வரை அவள் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டு வருடமாக வண்டி வண்டியாக என் வண்டலை உங்கள் வயலில் கொட்டினேன். சாணியும் வைக்கோலும் போட்டு உழுதேன். போன போகம்தான் முதல் முறையாகக் கதிர் வந்தது. அந்த நெல்லை ராத்தா வீட்டுக்கு, சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோனேன். ராத்தா வாசலில் நின்று மூட்டையைப் பார்த்தாள்.

“உள்ளுக்குக் கொண்டு வராத. வெளியில வெச்சிட்டுப் போ.”

வைத்துவிட்டு வந்தேன்.

இந்தப் போகமும் உங்கள் வயலைத்தான் முதலில் விதைப்பேன். விளைந்ததை ராத்தாவின் வாசலில் வைத்துவிட்டு வருவேன், மச்சான்.