என் பனியனில் வந்த முரடன்

லூசியானா,
1952 அக்டோபர் 14, செவ்வாய்.

மதிப்பிற்குரிய மதினி க்ளெமென்ஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் விர்ஜில் வணக்கம் சொல்லி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், இங்கே யாரும் சாகவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் என் பெயரையும் ஒடெட்டே போட்டுவிடுவாள்.

சனிக்கிழமை ரயிலேறியவள் நல்லபடியாகச் சிகாகோ வந்து சேர்ந்திருப்பாள். துணிகளுக்கு நடுவே ஒரு பாட்டில் மிளகாய்ச் சாறு வைத்திருந்தாள், உடையாமல் வந்ததா? இங்கே நடந்தது எதையும் அவள் இன்னும் சொல்லியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். சலூன்காரன் சொன்னால் கூட்டிக் குறைத்துத்தான் சொல்வான் என்று நினைப்பீர்கள். இந்தத் தடவை கத்திரியை எடுக்கவில்லை.

மாதாகோவில் பெண்கள் சங்கம் நூலகக் கூரையைச் செப்பனிடப் பணம் திரட்ட ஒரு நாடகம் போட்டது. நியூ யார்க்கில் சக்கைப்போடு போட்ட நாடகமாம். ஆனால் கதை நடப்பது நம் நியூ ஆர்லியன்ஸில். சொத்தும் இளமையும் போன பிறகும் சீமாட்டித் தோரணை போகாத ஓர் அக்கா, தங்கை வீட்டில் வந்து தங்குகிறாள். பல்புக்குக் காகிதக் கூடு மாட்டி, மங்கல் வெளிச்சத்தில் வயதை மறைக்கிறாள். தங்கை புருஷன் முரடன். அக்காவின் பொய்களை ஒவ்வொன்றாக உரித்து, கடைசியில் அவளையே உடைத்துவிடுகிறான். தங்கைக்கோ அவன்மேல் தீராத மயக்கம்.

முரடன் பனியனோடு மேடையில் நிற்க வேண்டும் என்று தெரிந்ததும் ஊர் ஆம்பிளைகள் கழன்றுகொண்டார்கள். கசாப்புக் கடை காஸ்தோன் மட்டும் தயாராக இருந்தான். அவன் மனைவி பெர்த் விடவில்லை. "அதை நான் வீட்ல பாக்கறது போதாதா, ஊருக்கு வேற காட்டணுமா?" என்றாளாம். அந்த பெர்த்துக்குத்தான் சீமாட்டி வேஷம். அரை மாட்டை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிறவள், மேடையில் பூ வாடுவதுபோல் வாட வேண்டும்.

முரடனுக்கு ஆளில்லாமல் எல்லோரும் விழித்தபோது ஒடெட் கை தூக்கினாளாம். ஐந்தடி உயரம், சிலந்தியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள். வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அவள் அலமாரியிலிருந்து என் பனியன் ஒன்றை எடுத்து, தோள் புடைப்பாகத் தெரியத் துணி வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு வாரம் ஒத்திகையில் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாடகத்தை நடத்திய பள்ளிக்கூட டீச்சர் மிஸ் ஹார்ட்வெல், "ஒடெட், நீ கத்துனா பயம் வரலம்மா, சிரிப்புதான் வருது. உனக்குத் தெரிஞ்ச ஆம்பிளை ஒருத்தரை மனசுல வெச்சுக்கிட்டுப் பண்ணு" என்றிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. ஒடெட் என்னைப் பார்க்க ஆரம்பித்தாள், மதினி. சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, சட்டை மாற்றும்போது, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயதுக்காரனை மனைவி இப்படிப் பார்த்தால் அவன் என்ன நினைப்பான்? அந்த நாடகத்தில் வரும் மயக்கமெல்லாம் அவளுக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன். வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தடவுகிற வாசனைத் தைலத்தை நானும் பூசிக்கொண்டேன். அவள் இருக்கும் பக்கம் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தேன். "என்னய்யா, நடை ஒரு தினுசா இருக்கு, முதுகு பிடிச்சிருக்கா?" என்று காஸ்தோன் கேட்டான். "வீட்ல கொஞ்சம் விசேஷம்" என்று கண்ணடித்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

நாடகம் நாலாம் தேதி மாலை, பள்ளிக்கூட அரங்கில். முன்வரிசையில், தைலம் பூசிய தலையோடு உட்கார்ந்திருந்தேன். முரடன் உள்ளே வந்தான். கத்தவில்லை. தொப்பியை எங்கே விழுகிறது என்று பார்க்காமலே வீசினான். மேஜையில் உட்கார்ந்தான். வாயைத் திறக்காமல் காலிக் கோப்பையைப் பக்கவாட்டில் நீட்டி இரண்டு ஆட்டு ஆட்டினான். மனைவி வந்து காப்பி ஊற்றினாள். அரங்கமே சிரித்தது. நானும் தொடையில் தட்டிச் சிரித்தேன். யாரைக் கிண்டல் செய்கிறாள் என்று திரும்பி காஸ்தோனைப் பார்த்தேன். காஸ்தோன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பெர்த் தன் மனசைத் திறந்து பேசும் இடம் வந்தது. இழந்த வீடு, செத்துப்போன இளம் கணவன் எல்லாம் சொல்லி அழுகிறாள். முரடன் நகம் வெட்டிக்கொண்டு, மெல்ல விசிலடித்தான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் பேச்சு நிற்கும்வரை ஒரே சீராக விசில். பேச்சு நின்றதும் விசிலும் நின்றது. என் வாயிலிருந்து வருகிற அதே மெட்டு. சிரிப்பு அடங்கிவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பித் தன் தன் புருஷனைப் பார்த்தார்கள். அத்தனை ஆம்பிளைகளும் கூரையைப் பார்த்தார்கள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், "நான் அப்படியா?" என்று. "எப்படி?" என்றாள். மீசைக்குத் தடவிய கரி இன்னும் உதட்டுமேல் இருந்தது. "உன்மேல ஒருநாளாவது கை ஓங்கினதுண்டா? சத்தம் போட்டதுண்டா?" என்றேன். "இல்ல விர்ஜில். சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். விசிலுக்கு என்னத்தப் பதில் சொல்றது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டு வாசலில், "அக்காவைப் பாத்து எட்டு வருஷம் ஆச்சு, போய்ட்டு வரேன்" என்றாள். எட்டு வருஷமாக இதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாளாம். நான் காதில் வாங்கியதாக ஞாபகம் இல்லை. அந்த வாரமே டிக்கெட் எடுத்தாள். ரயிலடியில், எப்போது வருவாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எஞ்சின் விசிலடித்தது. அவள் சிரித்துவிட்டாள். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

இங்கே சலூனில் விசில் நின்றுபோயிற்று. "உன் பெண்டாட்டி எங்க வீட்டுக்கெல்லாம் தீ வெச்சுட்டுப் போய்ட்டா. இப்ப பெர்த் பேச ஆரம்பிச்சா நான் கத்தியைக்கூடக் கீழ வெக்க வேண்டியிருக்கு" என்று காஸ்தோன் புலம்புகிறான். ஆனால் தினமும் வந்து புலம்பும்போது சவரம் செய்துகொண்டு கொஞ்சம் பளிச்சென்றுதான் போகிறான்.

நேற்று மிஸ் ஹார்ட்வெல் வந்தார். பக்கத்து ஊரிலும் நாடகத்தைக் கேட்கிறார்களாம், நவம்பரில். ஒடெட் வருவாளா என்றார். முன்பானால் அவளுக்குப் பதிலாக நானே ஏதாவது சொல்லியிருப்பேன். "அதை அவளைத்தான் கேக்கணும்" என்றேன். ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவர் கவலைப்பட்டதால், நானே அந்த வேஷத்தைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். தொப்பியை வீசினேன், கோப்பையை ஆட்டினேன், விசிலும் அடித்தேன். டீச்சர் இல்லை என்று தலையை ஆட்டினார். "தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பார்த்தா அப்படிப்பட்ட ஆளா நம்ப முடியல" என்றார்.

காப்பி நானே போட்டுக்கொள்கிறேன். சிக்கரி எவ்வளவு சேர்ப்பது என்று தெரியாமல் தார்போல் வருகிறது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம், இரக்கம் கேட்கிறேன் என்று நினைப்பாள்.

மதினி, ஓர் உதவி. அவளைச் சீக்கிரம் கிளம்பச் சொல்லாதீர்கள். நான் கேட்டதாகவும் சொல்லாதீர்கள். ஆசை தீரப் பேசட்டும். அவள் பேசுவதில் இரண்டு வரி மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் தெருவைப் பற்றி, குளிரைப் பற்றி, உங்கள் பூனையைப் பற்றி, எதுவானாலும் சரி. என்னைத் திட்டினதென்றாலும் சரி. அவள் சொன்னபடியே எழுதுங்கள், சுருக்க வேண்டாம். கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படிப்பேன்.

கடவுள் உங்கள் வீட்டில் எல்லோரையும் நலமாக வைக்கட்டும். வந்திருக்கும் விருந்தாளியையும்.

இப்படிக்கு,
ஒடெட்டின் கணவன்,
விர்ஜில்