முட்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை

துப்பறியும் சிங்கத்துக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. கார் சாவி கதவுக்குப் பின்னால், ஆணியில்.

கார் நாறியதும், நான் வாங்கிய முட்டை சீட்டுக்கு அடியில் உருண்டு அழுகிவிட்டது என்று கத்தினீர்களே! நீங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போன வண்டியை, இன்று பகல் தூக்கத்தை விட்டு மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனேன். அவர் அடியில் படுத்து, சைலன்ஸருக்கு முன்னால் இருந்த டப்பாவை ரப்பர் சுத்தியலால் தட்டினார். கலகலவென்றது.

"அக்கா, இது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். புகையைச் சுத்தம் பண்றது. உள்ள உடைஞ்சு அடைச்சுக்கிச்சு. முட்டை நாத்தம் இதுலேர்ந்துதான் வருது. மேட்டுல வண்டி மூச்சு வாங்குறதும் இதாலதான்."

ஸ்பார்க் பிளக் ஒன்று கெட்டு, எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சூடேற்றி உடைத்துவிட்டதாம். பிளக்கை மாற்றச் சொல்லி நான் எத்தனை தடவை... சரி, விடுங்கள். இரண்டையும் மாற்றியாயிற்று. நாற்றம் போயே போச்சு.

கோபத்தில் ஒரு வாரமாக வேலை முடிந்து பஸ்ஸில் வந்தேன். தினமும் ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்தில்தான் யாரோ.

நாளைக் காலை என்னைக் கூப்பிட வருவீர்களா?

பி.கு.: சாப்பிட்ட பாத்திரத்தில் தண்ணீராவது ஊற்றி வையுங்கள்.

இன்னொன்று: உங்களுக்குப் பகல் வேலை, எனக்கு ராத்திரி வேலை. வண்டி மேடேற முடியாமல் திணறியபோதுதான் உங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார முடிந்தது. இப்போது அது பறக்கிறது. நீங்கள் மெதுவாகவே ஓட்டுங்கள்.