இரண்டாவது பாட்டில்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று கோபத்துக்கு நடுவிலும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. குழந்தை பாட்டிலைத் தானே பிடித்துப் பால் குடிக்கிறது. பின் தெருவில் முலாம் பூசும் பட்டறை வந்ததிலிருந்து, நம் போர் தண்ணீரில் அந்தப் பாலைக் கரைக்க உன் அண்ணிக்குப் பயம். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. குழாய்த் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் காலம் முழுக்கச் செம்பையும் நிக்கலையும் அளந்தவள் நான், பட்டறைக் கழிவு எங்கெங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு இரண்டு பாட்டில் அனுப்பினேன். உன் ஆய்வுக்கூடத்தில் ஒளியை விட்டு உலோகத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோ மெஷின் இருக்கிறது, நீ அதற்குப் பொறுப்பாளர், வேறு யாரிடம் போய் நிற்பேன்?

பாட்டில்கள் கைக்கு வந்த மறுநாளே போன் செய்தாய். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான். "ரெண்டுலயும் ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா ஜீரோ. தாராளமா குடிங்க, அண்ணிக்கு வேற வேலை இல்ல" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணியும்தான். நிம்மதியில் நேரே குழாயடிக்குப் போய்ப் பால் கரைக்கத் தண்ணீர் பிடித்தாள். எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். முதல் பாட்டிலில்தான் நம் வீட்டுத் தண்ணீர். இரண்டாவது நானே கலந்தது. பள்ளிக்கூட வேதியியல் ஆசிரியையிடம் உப்புகள் வாங்கி, லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் செம்பு, மூன்று மில்லிகிராம் நிக்கல் வருகிற மாதிரி கரைத்து, பாட்டில் சுவரில் ஒட்டாமலிருக்க இரண்டு சொட்டு அமிலமும் விட்டேன். உன்மேல் சந்தேகப்பட்டு அல்ல, பழக்கதோஷம். எந்தச் சோதனைக்கும் அளவு தெரிந்த ஒரு பாட்டிலைச் சொல்லாமல் கூட வைப்பதுதானே நம் வழக்கம்? உன் மாணவர்களுக்கு நீயும் அப்படித்தான் வைப்பதாகப் பெருமையாகச் சொன்னாய். பெற்ற தாய் வைப்பாள் என்று உனக்குத் தோன்றவில்லை.

கண்ணுக்கு வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், தெரியும். மருந்து சேர்த்தால்தான் நிறம் பிடிக்கும். பிடித்த பிறகும் இரண்டு உலோகமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒளியை விழுங்கும், ஒரு அலைநீளத்தில் பார்த்தால் எது எவ்வளவு என்று பிரியாது, இரண்டு இடத்தில் பார்த்து இரண்டு சமன்பாடு போட வேண்டும். அரைநாள் வேலை. நேரமில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேசாமல் வேறு வழி பார்த்திருப்பேன். நீ மூடியைக்கூடத் திறக்கவில்லை. குழந்தை குடிக்கிற தண்ணீர் இது.

மோட்டாரில் சேறு ஏறிவிட்டது என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, அண்ணி பிடித்த தண்ணீரைக் கொட்டினேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்தான் இப்போது தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் பெரியவர். அவர் அறை வாசலில் காத்திருந்து, கெஞ்சி, பழைய மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மிச்சம் வைத்திருந்த என் கலவை, கலந்த அளவையே காட்டியது. நம் வீட்டுத் தண்ணீரில் இரண்டும் அளவுக்குள்தான் இருக்கின்றன, பயமில்லை. பார்த்தாயா, நான் சொன்னதுதானே என்று சந்தோஷப்படாதே. குருட்டு அதிர்ஷ்டம். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே போய்ப் பார்த்துக்கொள்வேன்.

இதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்குக்கூட. இப்போது அண்ணியின் அம்மா வீட்டில் தண்ணீர் மஞ்சளாக வருகிறதாம். "நாத்தனார்கிட்டயே அனுப்பலாமா அத்தை, அவங்க சொன்னா சரியா இருக்கும்" என்று ஆசையாகக் கேட்டாள். நான் வேண்டாம், வெளியே கொடுத்துப் பார்த்துக்கொள் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. இந்த வீட்டுத் தண்ணீர் என்றால் மகள் பார்க்கலாம், என் அம்மா வீட்டுத் தண்ணீர் என்றால் ஆகாதா என்று அண்ணனிடம் அழுதிருக்கிறாள். அவனும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணத்தைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தீரும். உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. ஓரவஞ்சனைக்காரி என்ற பெயரோடு சமையலறையில் நிற்கிறேன். இதற்காக நீ எனக்குப் புடவை வாங்கி அனுப்ப வேண்டாம், கட்ட மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் வேலையில் நீ மேலும் மேலும் வர வேண்டும் என்ற என் ஆசீர்வாதத்தில் ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் மறக்காதே. தண்ணீர் விஷயமாக அண்ணி தானாகவே உனக்குப் போன் செய்தாலும் செய்வாள், மரியாதையாகப் பேசு. உன் ஒரு வார்த்தையை நம்பிக் குழந்தைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் பிடித்தவள் அவள்.

இப்படிக்கு,
உன் அம்மா