கூடைக்குள் தெரிந்த சிவப்பு

ஒரகடம்
10.4.2003

அன்பு மகள் அமலாவுக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது.

அப்பாவின் காரியம் முடிந்து நீ பெங்களூர் பஸ் ஏறிய மறுநாள், உன் சித்தப்பா பாபு ஷிப்ட் முடிந்து வரும்போது கம்பெனியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தார். அப்பாவின் கவனக்குறைவால்தான் தீப்பிடித்தது, எனக்குப் புகார் இல்லை என்று அதில் அடித்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் உனக்கு அங்கே ஆபீஸ் வேலை. மே மாதக் கடைசிக்குள் போட வேண்டுமாம்.

உலையில் இருந்து எடுத்து வண்டியில் அடுக்கியிருந்த இரும்பைப் பார்த்து, ஆறிவிட்டது என்று அப்பாதான் சொன்னாராம். அதை நம்பி எண்ணெய்த் தொட்டி பக்கம் தள்ளியிருக்கிறார்கள். அது ஆறவில்லை.

அம்பத்தூரிலும் இங்கேயும் பதினைந்து வருஷம் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொன்ன கண். அன்றைக்கு ஏன் தப்பியது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரி நான் அவரைத் தூங்கவிடவில்லை. பெண்ணை நட்சத்திரம் பார்க்கிற படிப்புக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது, கூட்டிவா என்று சண்டை போட்டேன். சிவந்த கண்ணோடு ஷிப்டுக்குப் போனார்.

வேலைக்கு வந்துவிடு கண்ணு. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மா பாஞ்சாலி


பெங்களூர்
24.4.2003

அம்மா,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. கையெழுத்து மட்டும் போடாதே.

நட்சத்திரம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று என்னிடமும் கேட்டாய். அப்பா செய்த வேலைதான் அம்மா. தொட முடியாத ஒன்றின் சூட்டை நிறத்தை வைத்துச் சொல்கிறோம். சிவப்பாக இருந்தால் சூடு குறைவு. மஞ்சள் அதற்கு மேல். நீலம் கலந்த வெள்ளை எல்லாவற்றுக்கும் மேல். இதை எனக்கு முதலில் சொன்னது புத்தகம் இல்லை, அப்பா.

தூரம் தெரிய வேண்டுமானால் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கிறோம். அதற்குள் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். பின்னால் இருக்கிற நட்சத்திரங்களுக்கு நடுவில் இது எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்று அளந்தால் தூரம் வந்துவிடும். எடை மட்டும் கஷ்டம். இரண்டு நட்சத்திரம் ஒன்றையொன்று சுற்றினால் அந்தச் சுற்றை வைத்து நிறுக்கலாம்.

அடுத்த மாதம் டெலஸ்கோப் இருக்கிற மலைக்குப் போகிறேன். முடித்துவிட்டு வந்து நானே பேசுகிறேன்.

அமலா


ஒரகடம்
8.5.2003

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அப்பா பேர் வந்த இடத்தில் நின்று நின்று படித்தேன்.

நீ பேசுவதற்குள் இங்கே என்னை விடமாட்டார்கள். தினமும் காலையில் சித்தப்பா அந்தத் தாளை டிவி மேல் வைத்து, பேனாவையும் மேலே வைத்துவிட்டுப் போகிறார். நேற்று சொன்னார்: "செத்துப் போனவரு பேர வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற அண்ணி? பொண்ணுக்கு வேல கீது. போட்டுட்டு போயினே இரு." கத்தவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வாசலுக்கு வந்தால் மூன்று பக்கமும் கம்பெனி சுவர். நம் நிலம் இருந்த பக்கமும் சுவர்தான். பால் வாங்கப் போனாலும் அப்பா வேலைக்குப் போன கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாட்ச்மேன் எழுந்து நிற்கிறான். அவன் உட்கார்ந்திருந்தால் தேவலை.

தீப்பிடித்த வாரம்தான் ஷெட் கூரையில் பாதி தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் வரும் ஃபைபர் ஷீட் போட்டார்களாம். பகலில் லைட்டே வேண்டாம் என்று எல்லோருக்கும் சந்தோஷமாம். தீப்பிடித்தது பட்டப்பகல் பதினொரு மணிக்கு. அவ்வளவு வெளிச்சத்திலும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது என் பாவம் இல்லாமல் வேறு என்ன?

உடனே பதில் போடு.

அம்மா


பெங்களூர்
3.6.2003

அம்மா,

இருபது நாள் மலையில் இருந்துவிட்டு இன்றுதான் வந்தேன். உன் கடிதம் ஹாஸ்டலில் கிடந்தது. அழுதுகொண்டே எழுதுகிறேன், எழுத்து புரியும் இல்லையா?

அவ்வளவு வெளிச்சத்திலும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வெளிச்சம்தான் அம்மா கெடுத்தது. பகலில் நட்சத்திரம் ஆறிப்போவதில்லை. அதே சூட்டோடு அங்கேயே இருக்கிறது, வெயில் மறைக்கிறது. டெலஸ்கோப் பக்கத்தில் ஒரு டார்ச் கூட அடிக்கவிடமாட்டார்கள். வேறு வெளிச்சம் கலந்தால் அளவு தப்பாகிவிடும்.

அப்பா இத்தனை வருஷமும் இருட்டு ஷெட்டில் நின்று நிறம் பார்த்தவர். மங்கலான சிவப்பு வெயிலில் கறுப்பாகத்தான் தெரியும். அந்த வண்டி மேல் வெயில் விழுந்ததா என்று விசாரி. நீ தூங்கவிடாததால் இல்லை அம்மா.

கையெழுத்துப் போடாதே.

அமலா


ஒரகடம்
12.6.2003

அன்பு மகள் அமலாவுக்கு,

மே முப்பத்தொன்றாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் பதிலுக்கு அன்று மத்தியானம் வரை தபால்காரரைப் பார்த்தேன்.

உன் கடிதம் வந்த அன்று பகலில் கடப்பாரை முனையை விறகடுப்பில் சொருகினேன். மங்கலாகச் சிவந்ததும் வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். கறுப்பு. யார் பார்த்தாலும் ஆறிய இரும்பு என்றுதான் சொல்வார்கள். மாடு இருந்தபோது சாணம் அள்ளிய கூடையைக் கடப்பாரை முனை மேல் கவிழ்த்து, மேலே கோணியைப் போட்டு, ஒரு ஓரத்தை லேசாகத் தூக்கிக் குனிந்து உள்ளே பார்த்தேன். சிவப்பு. கூடையை எடுத்தால் கறுப்பு. கவிழ்த்தால் சிவப்பு.

சித்தப்பா சாப்பிட வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். நீயும் பார் என்றேன். குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. அப்புறம் சொன்னார்: "வண்டிய தள்னது நான்தான் அண்ணி. வெயிலு அதும் மேலதான் வுழுந்துச்சி." இதை கம்பெனியில் சொல்லு என்றேன். "எனக்கும் புள்ளைங்க கீது" என்று கை கழுவாமலே போய்விட்டார். அதற்குப் பிறகு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

தாளைத் திருப்பிக் கேட்டேன். "போட்டது போட்டதுதாம்மா" என்கிறார் ஸ்ரீதர் சூப்பர்வைசர். உன் வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. அதை நாளைக்கு கேட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீ வராதே. இந்தச் சுவருக்குள் நான் ஒருத்தி போதும்.

கடப்பாரையையும் கூடையையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். உள்ளே விடமாட்டார்கள். எதிர் டீக்கடைக்காரி செல்லம்மாள் அடுப்பில் ஒரு ஓரம் தருகிறேன் என்றிருக்கிறாள். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கட்டும்.

நேற்று ராத்திரி தூங்கினேன்.

இரண்டாக இருந்தால் நிறுக்கலாம் என்று எழுதினாய். துணை போய்விட்ட நட்சத்திரத்தை எப்படி நிறுப்பார்கள் என்று எழுதவில்லை. தெரிந்தால் எழுது.

அம்மா