பாடாவிட்டாலும் சுடும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உனக்கு மூச்சு எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறினால் இரைக்கிறதா? இன்ஹேலரைக் கைப்பையில் வைத்திருக்கிறாயா, வழக்கம்போல எங்கேயோ வைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போடுகிறாயா? நம் பாப்பாவின் பயல் தவழ்கிற படத்தைப் பார்த்தேன். மகளின் பிரசவத்துக்கு ஒரு மாதம் என்று கிளம்பிப் போனவள் நீ. பத்து மாதம் ஆகிறது. இப்படியே போனால் அவனே எழுந்து நடந்து உன்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான் போலிருக்கிறது.

ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் "அத்தான்" என்று ஆரம்பித்ததுமே உனக்கு அடுப்பில் பால் பொங்குகிறது. பத்து மாதமாக ஒரே பால். கடிதம் என்றால் கோபத்தில் மூலையில் வீசினாலும் சாயங்காலம் எடுத்துப் படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அத்தான் அந்தப் பாட்டு அறையில் மயங்கிவிட்டார். பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார், என்னைத் திட்டுகிறார். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அதை மீறித்தான் எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைப் பற்றி. செய்து கொடுத்தவன் நான், ஆனால் அவற்றின் குணத்தை உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. மற்ற ஆம்ப்ளிஃபயர்கள் பாட்டுக்குத் தகுந்தாற்போல் கரண்ட் எடுக்கும். சத்தம் கூடினால் கூடும், நின்றால் அடங்கும். இவை அந்த ரகம் இல்லை. சுவிட்சைப் போட்டதிலிருந்து முழுக் கரண்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பாடினால் அதில் கொஞ்சம் ஸ்பீக்கருக்குப் போகும். பாடாமல் சும்மா நின்றால் அத்தனையும் சூடாக வெளியே வரும். ஒரு பெட்டிக்கு முந்நூறு வாட், இரண்டுக்கும் அறுநூறு. அந்த அறையோ உனக்குத் தெரிந்ததுதான். கதவிடுக்கில் ரப்பர், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. வெளிச் சத்தம் உள்ளே வராமல் அடைத்தோமே தவிர, உள்ளே இருக்கிற சூடு எந்த வழியாகப் போகும் என்று நம் மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஹீட்டரைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த கதைதான். ஏ.சி. இருக்கிறது. ஆனால் பாட்டு ஓடும்போது போட விடமாட்டார். ஏ.சி. ஓடினால் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற நிசப்தம் போய்விடுகிறதாம்.

நீ இருந்தபோது தினம் ஒன்றரை மணி நேரம் கேட்பார். நீதான் கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவாய். இப்போது தட்டுவதற்கு ஆள் இல்லை. முப்பது வருஷம் எடை அளவை ஆய்வாளராகக் கடை கடையாகத் தராசைப் பிடித்த மனிதர் அல்லவா, எதையும் குறித்து வைக்காமல் இருக்க முடியாது. சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், அப்போதைய சூடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறார். அதைப் புரட்டிப் பார்த்தேன். நீ கிளம்பிப்போன வாரத்திலிருந்து நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். இருபத்தேழில் ஆரம்பித்து முப்பத்தாறில் முடிகிறது. கூடவே இதயத்துக்கு என்று உடம்புத் தண்ணீரை வெளியேற்றுகிற மாத்திரை. அடுத்தவன் தராசில் ஐந்து கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிறவருக்குத் தன் உடம்பு வற்றுவது தெரியவில்லை.

அன்றைக்கு உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று வாஷர் மாற்றப் போயிருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கூப்பிட்டால் பதில் இல்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. இசைத்தட்டு முடிந்து, ஊசி உள்வட்டத்தில் டிக் டிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிப்போய் மருத்துவமனையில் சேர்த்தோம். உப்புச் சத்து குறைந்துபோயிருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்றார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கதை வேறு என்று அங்கே ஒரு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் இப்படிப்பட்ட சூட்டில் உட்காரவே கூடாது என்றார்.

கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? பெட்டியை அணைத்தேனா என்றுதான். அடிக்கலாம் போல வந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டே, "மாப்ளே, அன்னிக்கு அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?" என்றார். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அன்றைக்கு நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன், அக்கா. அவரோடு பாட்டுக் கேட்க வருகிற பல் டாக்டரும் இருந்தார். அந்தச் சூட்டில் உனக்கு இரைக்க ஆரம்பித்தது. பாட்டு மெதுவாகப் போகிற இடம். அவர் திரும்பிப் பார்த்து, "உன் மூச்சுச் சத்தம் கேக்குது" என்றார். வெளியாள் முன்னால். நீ எழுந்து போனாய். மறுவாரமே பெட்டி கட்டினாய். நானாவது வாயைத் திறந்து, சூட்டினால்தான் அவளுக்கு இரைக்கிறது, ஏ.சி.யைப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் அங்கே. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதற்கும் அவர் மனசுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அந்தக் கட்டிலருகே நிற்கும்போது தெரிந்துகொண்டேன். அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த மறுநாளே அறைக்குள் போய்விட்டார். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். பெட்டியில் சூடு இல்லாவிட்டால் பாட்டில் உயிர் இல்லை என்கிறார். சரி, இந்த மனிதரிடம் பேசிப் பயன் இல்லை என்று ஒரு வேலை செய்தேன். சர்வீஸ் என்று சொல்லி இரண்டு பெட்டிகளையும் கடைக்குத் தூக்கி வந்தேன். பாட்டே இல்லாதபோதும் உள்ளே ஓடுகிற கரண்டை எங்கள் தொழிலில் பயாஸ் என்போம். அதைக் கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு சின்னத் திருகு உண்டு. அதை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டேன். அறுநூறு வாட் இருநூறு ஆயிற்று. வீட்டில் கேட்கிற சத்தத்துக்கு இரண்டு மூன்று வாட்டே தாராளம். வித்தியாசம் காதில் பிடிபடாது என்று கணக்குப் போட்டேன்.

சூடு ஏன் குறைந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? உள்ளே பசை காய்ந்திருந்தது, புதுப் பசை தடவினேன், சூடு சீராகப் போகிறது என்றேன். நல்ல கூத்து. பசை எதைத் தடவினாலும் பெட்டியின் சூடு அந்த அறைக்குள்தானே வந்தாக வேண்டும்? அத்தான் இரண்டு நிமிஷம் யோசித்திருந்தால் என்னைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பார். யோசிக்கவில்லை. நோட்டில் முப்பது என்று எழுதி, பக்கத்தில் "மாப்பிள்ளையின் கைவண்ணம்" என்று குறித்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதோடு விட்டாரா? பாட்டு முன்னைவிட ஆழமாகிவிட்டதாம். குரலுக்குப் பின்னால் இடம் திறந்திருக்கிறதாம். பல் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அவரும் கண்ணை மூடித் தலையை ஆட்டி, ஆமாம், இப்போதுதான் பெட்டி முழுச் சூட்டில் பழுத்திருக்கிறது என்றார். சிரிப்பை அடக்க நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். ஆனால் சிரிப்பு நாலு நாள்கூட நிற்கவில்லை. சூடுதான் கட்டுக்குள் வந்துவிட்டதே, இதேபோல் இன்னொரு ஜோடி வைக்கலாம், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு பெட்டி என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு நேரம் இல்லை என்று நழுவினேன். வெளியூரில் யாரோ விற்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பேசி முடித்துவிட்டார். வியாழக்கிழமை வண்டியில் வருகிறது என்றார். அந்தப் பெட்டிகளுக்குள் என் கை போகாது. முழுச் சூட்டோடு வரும். நான் சொன்ன பொய்யை நம்பி அந்த மனிதர் தனக்குத் தானே அடுப்பு மூட்டிக்கொள்ளப் போகிறார்.

அதனால் நேற்று, செவ்வாய்க்கிழமை, கடையைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருகு, பசை, ஒன்று விடாமல். தராசில் கை வைத்த கடைக்காரர்களை அவர் எப்படிப் பார்ப்பார் என்று நீதான் கதை கதையாகச் சொல்வாயே, அந்தப் பார்வைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் கத்தவில்லை. இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை மடித்து வைத்தார். அந்த நோட்டை எடுத்து, என் கைவண்ணத்தைப் பாராட்டி எழுதிய பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதைப் பற்றிப் பேசுவார், இத்தனை நாள் ஏமாந்ததைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ சொல்லித்தான் செஞ்சியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்து மாதமாக நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை, அக்கா. ஆமா அத்தான், அக்காதான் சொன்னா என்றுவிட்டேன்.

விடுவாரா? விசாரித்தே பழகினவர். எப்போது சொன்னாள், என்ன சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே சொல்லு என்றார். நீங்கள் விழுந்த அன்றைக்கே ஃபோனில் சொல்லிவிட்டேன் என்றேன். "அந்த மனுஷன்கிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டாரு, நீயே கொறச்சு வச்சிரு, அவரு இருந்தாப் போதும்" என்று நீ அழுதுகொண்டே சொன்னதாகச் சொன்னேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். சத்தியத்தை மீறி உன்னிடம் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

அப்புறம் அந்த வெளியூர்க்காரருக்கு ஃபோன் போட்டு, வேண்டாம், அனுப்பாதீர்கள் என்றார். திருகு அவள் சொன்ன இடத்திலேயே இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னார். எழுந்து ஏ.சி.யைப் போட்டுவிட்டுப் பாட்டை வைத்தார். ஏ.சி. இரைச்சலோடு அந்த அறையில் நான் பாட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொய் சொன்னதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உனக்கு ஃபோன் செய்யப் போகிறாராம். குழந்தையை விசாரிப்பார், பாப்பாவை விசாரிப்பார், ஊரில் மழையா வெயிலா என்பார். அதற்குப் பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்பார். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொல்லிவிட்டால் அவர் தாங்க மாட்டார். திருகைக் கூட்டி வைத்துக்கொண்டு மறுபடி கதவைச் சாத்திக்கொள்வார். இந்தத் தடவை நான் குழாய் ரிப்பேருக்குப் போயிருப்பேன் என்று நிச்சயம் இல்லை.

நீ அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் விழுந்தது தெரிந்திருந்தால் நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் என்னால் நம்ப முடியவில்லை.

ஃபோன் வந்தால் எடு, அக்கா. கேட்டால் ஆமாம் என்று சொல். குழந்தைக்கு மாமன் தாத்தாவின் முத்தம். பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் இருக்க வேண்டும், இருவருமாக.

இப்படிக்கு,
உன் தம்பி